கடைசிக் காட்சியின் மௌனம்

வாரம் முழுக்கப் பழசும் புதுசுமாக ஒரே படங்களை அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு, ஞாயிறன்று ரசிகர் வட்டத் தலைவர் வீட்டில் கூடி அலசுவது வழக்கம். புதுப்படங்களைக் கிழித்துத் தொங்கவிட்டபின் தலைவர் பழைய படத்துக்கு வந்தார்.

“கடைசிக் காட்சியில, மகனைப் பறிகொடுத்த தாய் நிக்கிறா. வசனம் இல்ல, இசை இல்ல. திடீர்னு அப்படியொரு மௌனம்! அந்தக் காலத்துலயே என்ன துணிச்சல்!”

“எனக்குப் புல்லரிச்சுப் போச்சு,” என்றார் வக்கீல்.

“அந்த மௌனத்துல நான் அழுதே விட்டேன்,” என்றார் ஹெட்மாஸ்டர்.

புதிதாகச் சேர்ந்திருந்த பல் டாக்டர் தயங்கினார். “அங்க ஒரு சோகப் பாட்டு வருமே சார்? எனக்குக் காதே வலிச்சுது.”

“டாக்டர், நீங்க வாயைப் பார்த்தே பழகிட்டீங்க. படம் பார்க்கக் கொஞ்சம் ஞானம் வேணும்,” என்றார் தலைவர்.

மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டரின் முகம் சுண்டிப்போனது. “நான்தான் வேற படத்தைப் பார்த்துட்டேன் போல. மன்னிச்சுக்குங்க.”

டீ கொண்டுவந்த தலைவரின் மனைவி அப்படியே நின்றாள்.

“அந்தப் படமா? பாட்டு அலறுது, இவர் சோபாவுல குறட்டை விடுறார். பாப்பா எழுந்துடுவாளேன்னு நான்தான் டிவி சத்தத்தை நிறுத்தினேன். அப்புறம்தான் இவர் கண்ணே முழிச்சார்.”

தலைவருக்குக் காதுமடல் சுட்டது. இனி ஓட்டித் தள்ளிவிடுவார்களே என்று மெல்ல நிமிர்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

டாக்டர்தான் மெதுவாகச் சொன்னார்: “அந்தப் பாட்டு இல்லாமப் பார்த்தா நல்லாத்தான் இருந்திருக்கும் சார்.”