ஒரு கை பாக்கி

“கிழவி கண்ணை மூடறதுக்குள்ள கடைசி ஷாட்டை எடுத்துடணும்ப்பா” என்று கேமராமேன் ஒலிப்பதிவாளரின் காதைக் கடித்தார். “டைரக்டர் காலையில டாக்டரைப் பார்த்துட்டு வந்தாரு. மூஞ்சியில ஈயாடல. ‘சீக்கிரம் முடிக்கணும், நாள் இல்ல’ன்னாரு.”

கிழவி என்று அவர் சொன்னது, ஒரு காலத்தில் நடிகைகளையும் அமைச்சர்களின் மனைவிமார்களையும் வாசலில் காக்க வைத்த ஆடை வடிவமைப்பாளரை. அவருடைய கடைசி வருஷங்களைப் பற்றித்தான் இந்த ஆவணப்படம். முடிவுக் காட்சி ஒன்றுதான் மிச்சம். தன் கடைசி கவுனுக்கு இடது கையை வைத்துத் தைத்துவிட்டு, மேடம் விளக்கை அணைக்க வேண்டும்.

அந்த இடது கைதான் மசியவில்லை. முந்தாநாள் தோள் தூக்குகிறது என்று பிரித்தார். நேற்று அக்குளில் சுருங்குகிறது என்று பிரித்தார். தையல் பழகுகிற பெண்கூட ஒரு மூச்சில் வைத்துவிடும் கையை, அறுபது வருஷம் ஊசி பிடித்தவர் வாரக்கணக்கில் வைப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

பக்கத்தில் நின்ற மகளுக்கு உடம்பு கூசியது. ஊரே பார்க்கப்போகும் படத்தில் அம்மா இப்படியா தடுமாற வேண்டும்? கட்டிக் காத்த பேர் கடைசியில் சந்தி சிரிக்கப் போகிறதே என்று உள்ளுக்குள் புழுங்கினாள்.

“ஆரம்பிக்கலாமா மேடம்?” டைரக்டர் சுவரில் சாய்ந்தபடி கேட்டார்.

“முதல்ல நீ இங்க வா.” மேடம் அவருடைய சட்டைத் தோளைப் பிடித்தார். “போன மாசம்தானே இதைப் பிடிச்சுக் குடுத்தேன்? மறுபடி தொளதொளன்னு தொங்குது.”

“உங்க படத்துக்கு அலைஞ்சே இளைச்சுட்டேன் மேடம்.”

எல்லாரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. தோளிலும் விலாவிலும் துணியை இழுத்துப் பிடித்துக் குண்டூசி குத்தினார். டைரக்டரின் காதோடு ஏதோ கேட்டார். டைரக்டர் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பார் என மகள் நினைத்துக்கொண்டாள்.

கேமரா ஓடியது. ஊசி ஏறி இறங்கியது. என்ன அதிசயமோ, இன்று கை கச்சிதமாக உட்கார்ந்தது. இன்னும் ஒரே ஒரு முடிச்சுதான்.

மேடம் பிளேடை எடுத்து, போட்ட தையல் அத்தனையையும் சர்ரென்று பிரித்துவிட்டார்.

“சரியா வரலப்பா. நாளைக்கு வா.”

டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கோபித்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லாதவர் போல நின்றார். “வந்துடறேன் மேடம்” என்று சொல்லி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்லப் படியிறங்கினார். மற்றவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள்.

கதவு சாத்தியதும் மகள் வெடித்தாள். “நல்லாத்தானேம்மா உட்கார்ந்துச்சு! எதுக்குப் பிரிச்ச?”

“முடிச்சுக் குடுத்துட்டா நாளைக்கு எதுக்குடி எழுந்து வருவான்?” மேடம் பிளேடை மேஜைமேல் வைத்தார். “எனக்கு வேற என்ன செய்யத் தெரியும், சொல்லு.”

மகள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். “அவர் வராட்டிப் போறார்மா. டாக்டர் உனக்கு நாள் குறிச்சுட்டார்னு அவங்களே பேசிக்கிறாங்க. உனக்கு ஒண்ணு ஆகறதுக்குள்ள முடிச்சுடேன்.”

மேடம் மடியில் கிடந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

“டாக்டர் நாள் குறிச்சது எனக்கில்லடி, அவனுக்கு.”