மாடியில்தான் சிக்னல்

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறுகிறவர்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். போனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா?

வீட்டுக்காரம்மா அப்படித்தான் வருவார். தினமும் மத்தியானம், மாடியில் குடியிருப்பவளின் குழந்தை கண்ணயர்ந்ததுதான் தாமதம், படியில் தொப் தொப்பென்று சத்தம் கேட்கும்.

"சிக்னலே இல்லம்மா கீழ. உன் ஜன்னலை விட்டா எனக்கு வேற கதி இல்ல."

அது செல்போன் இல்லை, வயர்லெஸ் போன். பார்க்கப் பழைய வீட்டு போன் மாதிரியே கனமான பெட்டி. சுவருக்குப் போகிற வயர் மட்டும் கிடையாது. உள்ளே சிம், பின்னால் வால் மாதிரி ஒரு ஏரியல். தெருவே பள்ளத்தில் இருந்ததால், அங்கே செல்போன் எல்லாம் மணி பார்க்கத்தான் உதவும்.

ஜன்னல் திட்டில் பெட்டியை வைத்து, ஏரியலை அப்படியும் இப்படியும் திருப்பி, தங்கச்சிக்குப் போன் போடுவார்.

"ஹலோ! கேக்குதாடி? எனக்குக் கரகரங்குது... ஆங், கத்திப் பேசு!"

குழந்தை சிணுங்கும். மாடிக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு தட்டிக்கொடுப்பாள்.

பேசி முடித்தாலாவது போவாரா?

"மூட்டு விண்ணு விண்ணுங்குது, கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்... ஏம்மா, சாப்பிட்டியா? பாத்திரமெல்லாம் கவுத்தது கவுத்தபடியே இருக்கு?"

"சாப்பிட்டேம்மா."

"கப்பல்ல இருக்கிற உன் புருஷன்கிட்ட என் நம்பரைக் குடேன். பேச வசதியா இருக்குமில்ல?"

"பரவால்லம்மா. கரைக்கு வந்தா அவரே சேதி அனுப்புவாரு. மெயின் ரோட்டுக்குப் போறப்ப அதைப் பாத்துட்டு அங்கேருந்தே பேசிக்கறேன்."

நம்பரைக் கொடுத்துவிட்டு, அப்புறம் எந்த வாயால் இவரை மேலே வராதீர்கள் என்பது?

இவர் வருவது போனுக்கே இல்லை என்பது அவள் முடிவு. குடிவந்த புதிதில் ஒருநாள், "ஏம்மா, மத்தியானத்துல மேல குழாய் ரொம்ப நேரம் ஓடுதே?" என்று கேட்டவர்தானே! அதற்கு மறுநாளிலிருந்துதான் போன் மாடி ஏறத் தொடங்கியது. தண்ணீருக்குக் காவல் காக்கிற மகராசி.

குழந்தை தூங்குகிற நேரம் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. அந்த நேரத்தில் அவள் என்ன செய்வாள் என்பது, அவளுக்கும் சமையலறைக் குழாய்க்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. இப்போது அதுவும் போச்சு.

எலக்ட்ரிக் கடைக்காரர்தான் வழி சொன்னார். "நீள வயரோட ஏரியல் தனியா வருதும்மா. ஏரியலை உங்க ஜன்னல்ல கட்டிட்டு வயரைக் கீழ விட்டுடுங்க. அவங்க கட்டில்ல படுத்துக்கிட்டே பேசலாம்."

"படுத்துக்கிட்டோ உருண்டுக்கிட்டோ பேசட்டும். மேல வராம இருந்தா சரி."

மறுநாள் காலை, வயர்ச் சுருள் ஒரு கையில், குழந்தை இடுப்பில். 'உங்க மூட்டுக்கு நல்லதும்மா' என்று சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடி இறங்கினாள்.

கடைசிப் படியில் கால் வைத்தபோது, உள்ளே போன் மணி அடித்தது.

"சொல்லுடி... நல்லாக் கேக்குது. கத்தாத, காது போகுது."

மாடிக்காரி அப்படியே நின்றாள். கீழேதான் சிக்னலே இல்லையே?

"அட, கீழ எப்பவும் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரிதான் கேக்கும். மேல போனாத்தான் கரகரப்பு... எனக்கென்ன பைத்தியமா? சொல்றதைக் கேளு. அந்தப் பொண்ணு, குழந்தை தூங்கினதும் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவுதுடி. அழற சத்தம் யாருக்கும் கேக்கக் கூடாதாம். என் சமையக்கட்டுக்கு நேர் மேல அவ சமையக்கட்டு, எனக்குக் கேக்காதா? நான் போய் உக்காந்துட்டா குழாய் திறக்கறதில்ல. அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் தங்கச்சி ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"ஏன் அழறேன்னு கேட்டா, மறுநாள் கதவைத் திறப்பாளா? சிக்னல் இல்லேன்னாத்தான் திறப்பா... என்னை மனசுக்குள்ள நல்லாத் திட்டிக்கிட்டுத்தான் இருப்பா. திட்டட்டுமே. திட்டற நேரம் அழ மாட்டா இல்ல?"

அவள் சத்தமில்லாமல் திரும்பி ஏறினாள். வயர்ச் சுருள் பரண்மேல், பழைய பெட்டிக்குப் பின்னால் போனது.

மத்தியானம் குழந்தை தூங்கியது. குழாயை அவள் தொடவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, படிச் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு ஏன் இவ்வளவு நேரம்?

தொப். தொப்.

"சிக்னலே... இல்லம்மா... கீழ." மூச்சு வாங்கியது வீட்டுக்காரம்மாவுக்கு.

அவள் எழுந்து போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஜன்னல் திட்டில் வைத்தாள். ஏரியலை நிமிர்த்துகிற சாக்கில் முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் இங்க சிக்னலே இல்லம்மா" என்றாள்.

"அப்படியா?"

"ஆமாம்மா. நாளைலேர்ந்து இவளைத் தூக்கிக்கிட்டு நான் கீழ வரட்டுமா? உங்க கட்டில்ல தூங்கட்டும். உங்க மூட்டுக்கும் நல்லது... வரட்டுமாம்மா?"