மாலத்தீவின் முறை

கடலுக்குள் போன ஊரில் ஆட்களைத் தேடுவதை நிறுத்திவிட்டால், மறுநாள் வகுப்பிலுள்ள பேசும் மின்பலகையின் தலைநகரப் பட்டியலிலிருந்து அதன் பெயர் போய்விடும். போன ஆண்டு ஜகார்த்தாவின் பெயர் போன காலையில்தான் ஜெசிந்தா டீச்சர் தாலியைக் கழற்றினாள். இன்று மாலேயைக் காணவில்லை.

மூன்றாம் வகுப்பில் ஆளுக்கொரு நாடு. டீச்சர் நாட்டைச் சொன்னால் பிள்ளை எழுந்து தலைநகரைச் சொல்லும், அதுதான் வருகைப்பதிவு. அப்பா மாலேயில் ஓட்டல் சமையல்காரர் என்பதால், ரோசரி மாலத்தீவைச் சண்டைபோட்டு வாங்கியிருந்தாள்.

ஜெசிந்தா அந்த ஒரு நாட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கூப்பிட்டு முடித்தாள்.

“டீச்சர், நான் வந்திருக்கேன். என்னைய விட்டுட்டீங்க.”

வேறு வழியில்லை. “மாலத்தீவு” என்றாள்.

“மாலே.”

“தவறு. அப்படி ஒரு தலைநகரம் இல்லை” என்றது பலகை.

“ரோசரி ஃபெயிலு” என்று பின்வரிசையில் யாரோ கத்த, வகுப்பே சிரித்தது. ரோசரியும் சிரித்தாள்.

“இந்த போர்டுக்கு ஒண்ணும் தெரியல டீச்சர். எங்கப்பா அங்கனதான் மாடியில நிக்காவ. தண்ணி வத்துனதும் வந்துருவாவ. நீங்களே சொல்லுங்க, சரியா தப்பா?”

ஜெசிந்தா பலகைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“இன்னொரு தடவ சொல்லு புள்ள.”

ரோசரி முன்னைவிடச் சத்தமாகச் சொன்னாள். பலகை அதே குரலில் திருத்தியது.