பெட்டிச் சாவி

"அம்மா, பெட்டிச் சாவிய பாட்டி ஏன் சித்திகிட்ட மட்டும் குடுத்திருக்காங்க?"

மகள் என்றோ கேட்டது புருல்சாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

நரின் மலையூர்ப் பக்கத்தில் வயதானவர்கள், தங்கள் சாவுக்கு வருகிறவர்களுக்குப் பங்கிட வேண்டிய துணிகளைத் தாங்களே வாங்கிச் சேர்த்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாதே! மாமியாரின் பெட்டியிலும் பட்டும் கம்பளியுமாக நிறையச் சேர்ந்திருந்தன. அதன் சாவிதான் இளைய மருமகள் மீரிமிடம்.

"கடைசிப் பிள்ளைக்கு வீடு, சரி. அது வழக்கம். பெட்டியும் உனக்கேவா? நான் என்ன விருந்தாளியா?" மாமியார் வெளியே போயிருந்த ஒருநாள், மீரிமிடமே கேட்டுவிட்டாள் புருல்சா.

"அத்தை உத்தரவு அக்கா..."

"பொல்லாத உத்தரவு!" புருல்சா சாவியைப் பிடுங்கித் திறந்தாள்.

பெட்டி காலி.

"எங்கடி துணியெல்லாம்? வித்துத் தின்னுட்டியா?"

மீரிம் தயங்கினாள். "உங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சே... அரசாங்கச் செலவுன்னு உங்ககிட்ட சொன்னது பொய்க்கா. அத்தைதான் எல்லாத்தையும் வித்துக் குடுத்தாங்க. 'புருல்சாவுக்குத் தெரிஞ்சா கூனிக் குறுகிப்போவா, அவ கண்ணுல படாம பூட்டி வை'ன்னாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை, எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம். புருல்சா தன் சீதனத் துணிகளை ஒவ்வொன்றாக அந்தப் பெட்டியில் அடுக்கினாள்.

"அல்லாவே, இதுக்கு சீக்கிரம் தேவை வந்துடக் கூடாது" என்று வேண்டிக்கொண்டு மூடினாள்.