தடித்த ஃபைல்

ஃபைல் தடிக்கத் தடிக்க ஆள் மெலிவான். ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் வேலை பார்க்கும் அவள் கண்ட உண்மை அதுதான். அட்டையில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். எதையும் பிரித்துப் படிக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அன்று கவுன்ட்டரில் ஒருவர் கெஞ்சினார்.

"என் சம்சாரம் எளைச்சுக்கிட்டே போறாம்மா. கேட்டா ஒண்ணுமில்லைங்கறா. அவ ஃபைலை ஒரு தடவை காட்டுங்களேன்."

"அவங்க கையெழுத்து இல்லாம ஆண்டவனே வந்தாலும் காட்ட மாட்டேன். ஒரே வீட்டுல இருக்கீங்க, முகத்தைப் பார்த்தாத் தெரியாதா உங்களுக்கு?"

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

போன் அடித்தது. புற்றுநோய்ப் பிரிவு டாக்டர் ஒரு நம்பரைச் சொல்லி, அவளையே எடுத்துவரச் சொன்னார். எந்த ஃபைல் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. பிதுங்கிக் கிழிந்த அதன் அட்டையை அவள்தான் நூல் போட்டுத் தைத்திருந்தாள்.

'பாவம், யார் பெத்த பிள்ளையோ' என்று நினைத்தபடி அதை மார்போடு அணைத்துக்கொண்டு மாடியேறினாள்.

"உக்காருங்கம்மா. இந்தப் பேஷண்டுக்கு இனிமே மருந்தால பிரயோஜனமில்ல. வீட்டுல சொல்லிடுங்கன்னு இன்னிக்குத்தான் கையெழுத்துப் போட்டார்."

"அவங்க வீட்டு ஆளைக் கூப்பிடட்டுமா டாக்டர்?"

"அந்த ஆளே நீங்கதாம்மா."

அவள் அட்டையையே பார்த்தாள்.

"ஏன் இந்த ஆஸ்பத்திரிக்கே வந்தீங்கன்னு அவரைக் கேட்டேன். 'ஃபைல் என் பொண்டாட்டி கையில இருக்கற வரைக்கும் அவளுக்குத் தெரியவே தெரியாது'ன்னார்."