ஆர்விட் போர்டில் யார்?

"வெர்ன், இப்பவும் எங்கேஜ்டுதான்டா!"

சமையலறையில் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, நிலவறைப் படிக்கட்டைப் பார்த்துக் கத்தினார் ஆர்விட்.

"இங்க கம்ப்யூட்டர் சும்மாதான்டா கெடக்கு!" கீழே மேசைக்கடியிலிருந்து நண்பர் வெர்னின் குரல் வந்தது. "மோடத்துல ஒரு விளக்குகூட சிமிட்டல."

"அப்புறம் எவன்டா உள்ள புகுந்து உட்கார்ந்திருக்கான்?"

ஆர்விட் போர்டு நம்பரை மறுபடி அடித்துப் பார்த்தார். போர்டு ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது. போன் வழியாக ஒவ்வொருவராக உள்ளே வந்து, எழுதியதைப் படித்து, தாங்களும் எழுதிவிட்டுப் போகிற கம்ப்யூட்டர் பலகை அது. 'நாலு பேரோட பழகுங்கப்பா' என்று மகள் காரின்தான் பிடிவாதமாக வாங்கிக் கொடுத்திருந்தாள். அந்த நாலு பேரில் இதுவரை வந்தவர்கள் காரினும் வெர்னும்தான். மீதி இரண்டு பேர் இந்தப் பெமிட்ஜி ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

மின்னியாபொலிஸில் இருக்கும் காரினுக்கு அலாஸ்காவில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. இன்று ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். 'போகட்டுமா, இல்ல உங்ககிட்டயே வந்துடட்டுமா? போர்டுல எழுதி வைங்க, நாலு மணிக்கு வந்து படிச்சுக்கறேன்' என்று கேட்டிருந்தாள்.

மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழகாத மனுஷர். மனைவி போய் இரண்டு வருஷமாக ஒற்றைத் தட்டைக் கழுவி ஒற்றைத் தட்டிலேயே சாப்பிடுகிறவர். காலை முழுக்க எழுதி எழுதி அழித்துவிட்டுக் கடைசியில் ஒரே வார்த்தையை விட்டுவைத்தார்: 'வந்துடும்மா.'

மகள் கூப்பிடும் நேரத்தில் லைன் காலை வாரிவிடக் கூடாதே என்று மூன்றரைக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்தார். எங்கேஜ்டு. அப்போது காதுக்குப் போன ரிசீவர் இன்னும் இறங்கவில்லை.

"வயரை மாத்திட்டேன். இப்ப பாரு!"

"எங்கேஜ்டு!"

"மோடத்தையே கழட்டிட்டேன்டா!"

"அப்பவும் அதே டொய்ங் டொய்ங்தான்!"

"கழட்டின பிறகுமா? உன் லைனுக்குப் பேய் பிடிச்சிருக்கு, பாதிரியாரைக் கூப்பிடு!" என்று முனகியபடி எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு, காபி தேடி மேலே வந்தார் வெர்ன். வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"நீ இந்த போன்லேர்ந்தா அடிச்சுப் பார்க்கறே?"

"வேற எதுலேர்ந்து? வீட்ல இருக்கறதே இது ஒண்ணுதான்."

"போர்டுக்குன்னு தனி லைன் வாங்கலையா நீ?"

"எதுக்கு? எனக்கு யாரு போன் பண்றா?"

வெர்ன் தலையில் அடித்துக்கொண்டார். "அட மக்கு! உன் நம்பருக்கு நீயே அடிச்சா எங்கேஜ்டு வராம வேற என்ன வரும்? நீ போனை வைக்கற வரைக்கும் வெளியிலேர்ந்து ஒரு ஆள் உள்ள வர முடியாதுடா!"

சுடுகிற பாத்திரத்தை விடுவதுபோல் ரிசீவரை வைத்தார் ஆர்விட். மணி ஐந்து பத்து.

வைத்த மறுநிமிஷமே கீழே மோடம் கீச்சிட்டது. இருவரும் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினார்கள். திரையில் காரினின் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

'அப்பா! நாலு மணியிலேர்ந்து நாப்பது தடவை அடிச்சிட்டேன், எப்பப் பார்த்தாலும் எங்கேஜ்டு! உங்க போர்டுக்கு அவ்வளவு கூட்டமா? நீங்க தனியா கெடக்கறீங்களேன்னுதான் இத்தனை நாள் தயங்கினேன். இனிமே அந்தக் கவலை இல்ல. அலாஸ்காவுக்குச் சரின்னு சொல்லிட்டேன்ப்பா!'