காலை ஆறு முதல் ஒன்பது வரை

“பாண்டிராஜா? பிரஸ்ஸுக்கு ஒம்பது மணிக்குத்தானம்மா வருவாரு. தலை ஈரத்தோட வந்து நிப்பாரு.”

போனை வைத்தாள் கற்பகவல்லி. காலண்டர் சீசன், ஆறு மணிக்கே வேலை என்றுதானே பத்து நாளாகக் குளிக்காமல்கூடக் கிளம்பிப் போகிறான் கணவன்? அதுவரை அவன் போனும் அணைந்தே கிடக்கிறது.

“எவளாவது இருப்பாளோ?” என்றாள் பக்கத்து வீட்டு ரோஜா.

“இருந்தா சண்டை போட்டு இழுத்துட்டு வந்துருவேன்க்கா. எம் பயம் வேற.”

விடியற்காலை வேலை. போன் கூடாது. முடிந்ததும் தலைக்குக் குளியல். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்குத்தான் இந்த மூன்றும் பொருந்தும்.

நான்கு மாதம் முன்பு அப்படியோர் அறை வெடித்துத்தான் அவள் அண்ணன் ஜெயச்சந்திரனின் இரண்டு கைகளும் வெந்துபோயின. ஆஸ்பத்திரியில் ஒரு தடவை எட்டிப் பார்த்தவள், பிறகு அண்ணன் வீட்டுப் பக்கமே போகவில்லை. தெம்பில்லை. ‘இனி மருந்து ரூமுக்குப் போக மாட்டேன்’ என்று, முன்பு சீசனில் அந்த வேலைக்கும் போய்வந்த கணவனிடம் மட்டும் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

மறுநாள் ஆட்டோ பிடித்து அவன் பைக்கைத் தொடர்ந்தாள்.

“முன்னால போறது யாருக்கா?” என்றான் ஆட்டோக்காரன்.

“எங்க வீட்டுக்காரரு.”

“ஆத்தாடி! அப்ப நான் தெரு முக்குலயே நின்னுக்கிடுதேன்.”

பைக் நாரணாபுரம் சாலையில் திரும்பியது. வழியெல்லாம் பட்டாசுக் கம்பெனிகள். ஒவ்வொரு கேட் வரும்போதும் பைக் வேகம் குறைகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

எந்தக் கேட்டிலும் அவன் நிற்கவில்லை. அண்ணன் வீட்டு வாசலில் நின்றான். மதினி செல்லத்தாய் அவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, தீப்பெட்டிக் கம்பெனி வேனில் ஏறிப் போனாள்.

‘வெந்தும் புத்தி வரலையா அண்ணனுக்கு? இவரையும் எங்கயோ சேத்து விடுதாரா?’

ஆத்திரத்தோடு உள்ளே நுழைந்து, புறவாசல் கதவைத் தள்ளினாள்.

ஸ்டூலில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். நனைந்த கைலியோடு பாண்டிராஜ் அவன் முதுகுக்குப் பதமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் திருடன்போல் விழித்து, எதுவும் சொல்லிவிடாதே என்று கண்ணால் கெஞ்சினான்.

அதற்குள் அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டான். முகம் மலர்ந்தது.

“வா தாயி! ‘கற்பகம்தான் அனுப்பி வச்சா’ன்னு மாப்பிள்ளை தினமும் சொல்லுவாக. இன்னைக்கு நீயே வந்துட்டியா!”